அப்பாவின் லேப்டாப்பில் 23 ஸ்டார்ட்டப் நிரல்கள்: எதை நிறுத்தலாம், எதைத் தொடக்கூடாது?

மாட்டுங்கா மகள் | சனி, காலை 9.40

எல்லோருக்கும் வணக்கம். மும்பை மாட்டுங்காவில் இருக்கிறோம். அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். எங்கள் ஹவுசிங் சொசைட்டிக்கு அவர்தான் பொருளாளர். 48 வீட்டுக்கும் மெயின்டனன்ஸ் பில் போடுவது, வரவு செலவு எழுதுவது எல்லாம் அவருடைய லேப்டாப்பில்தான். 2018 கடைசியில் வாங்கியது. ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10.

நேற்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து போன் ஸ்டாப்வாட்சில் நேரம் பார்த்தேன். பட்டனை அழுத்தியதிலிருந்து பாஸ்வேர்டு கேட்க 1 நிமிடம் 50 நொடி. டெஸ்க்டாப் படம் வரும்போது 2.45. அதற்கப்புறம்தான் பாடு. எக்செல் ஐகானைத் தட்டுகிறார், நீல வட்டம் சுழல்கிறது. வலது மூலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகள் எழும்புகின்றன: பிரிண்டரில் மை குறைவு, ஆன்டிவைரஸ் சந்தா முடிந்துவிட்டது, ஏதோ ஒன்றின் புதிய பதிப்பு தயார். பில் ஷீட் திறந்தபோது 9 நிமிடம் 10 நொடி. அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

லேமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் காட்டினோம். திறந்துகூட சரியாகப் பார்க்கவில்லை. "ஃபார்மட் போடலாம், இல்லையென்றால் புதிது வாங்கிவிடுங்கள்" என்றார்கள். ஃபார்மட் என்றாலே அப்பா பயப்படுகிறார், ஆறு வருடக் கணக்கு அதில் இருக்கிறது.

டாஸ்க் மேனேஜரில் (கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் விண்டோஸ் நிரல்) ஸ்டார்ட்டப் பக்கத்தைத் திறந்தேன். 23 வரிகள். பாதிக்கு மேல் எனக்கு என்னவென்றே தெரியவில்லை. அப்பா இரண்டு நிபந்தனை வைத்திருக்கிறார். தமிழ் தட்டச்சு நிற்கக்கூடாது (கோயில் கமிட்டி அறிவிப்புகளை அவர்தான் அடிக்கிறார்). பிரிண்டரும் நிற்கக்கூடாது. எங்கிருந்து தொடங்கட்டும்?

சயான் சிஸ்டம் அட்மின் | சனி, காலை 10.25

நேரத்தை அளந்து எழுதியதற்கு முதலில் நன்றி. பெரும்பாலானவர்கள் "ஸ்லோவாக இருக்கிறது" என்று மட்டும்தான் சொல்வார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பயத்தைப் போக்க ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட்டப் பக்கத்தில் டிசேபிள் கொடுப்பதால் எந்த நிரலும் அழியாது. கணினி திறக்கும்போது தானாக ஓடாது, அவ்வளவுதான். வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். தப்பாகிவிட்டால் அதே இடத்தில் மறுபடி எனேபிள். கணக்கு ஃபைல்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டப் பக்கத்தின் வலது மேல் மூலையில் "லாஸ்ட் பயாஸ் டைம்" (பட்டனை அழுத்தியபின் விண்டோஸ் தொடங்கும்வரை ஆகும் நேரம்) என்று ஒரு எண் இருக்கும், அது எவ்வளவு? பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் எத்தனை சதவீதம், எவ்வளவு நேரம் அப்படியே நிற்கிறது? அப்புறம், ஸ்டார்ட்டப் பட்டியலில் "இம்பேக்ட்" என்ற தலைப்பைத் தட்டி வரிசைப்படுத்தினால் ஹை என்று எத்தனை வருகிறது?

இந்த ஹை, மீடியம், லோ எல்லாம் விண்டோஸ் அளந்து போடுவது. தொடக்கத்தில் 1 நொடிக்கு மேல் சிபியு நேரம் எடுத்தாலோ, டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதினாலோ ஹை. 300 மில்லி நொடிக்கும் 300 கேபிக்கும் உள்ளே இருந்தால் லோ. இடைப்பட்டது மீடியம். அதாவது ஹை என்றால் கெட்ட நிரல் என்று பொருளில்லை. நல்ல நிரலும் ஹை ஆக இருக்கும்.

முலுண்ட் மாணவன் | சனி, காலை 11.02

அக்கா, நான் என் லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஒரேயடியாக டிசேபிள் செய்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, வேகமாகத்தான் இருக்கிறது. கூடவே ஒரு கிளீனர் நிரல் போட்டு ரெஜிஸ்ட்ரியையும் (விண்டோஸும் நிரல்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம்) துடைத்தேன். பத்து நிமிட வேலை.

டோம்பிவிலி கணக்கர் | சனி, மதியம் 12.18

தம்பி, உங்கள் லேப்டாப்பில் சரியாக வந்திருக்கலாம். வேலைக்குப் பயன்படும் கணினியில் அப்படிச் செய்யாதீர்கள். நான் அடிபட்டவன் என்பதால் சொல்கிறேன்.

வீட்டிலிருந்து சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். போன வருடம் ஒரு மாதம் இதே மாதிரி எல்லாவற்றையும் நிறுத்தினேன். 20ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர் 3பி (மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குப் படிவம்) கடைசி நாள். சாயங்காலம் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகுகிறேன், டோக்கனில் விளக்கு எரிகிறது, ஆனால் போர்ட்டலில் சான்றிதழ் எதுவுமே காட்டவில்லை. கழற்றி மாட்டினேன், வேறு யுஎஸ்பி துளையில் போட்டேன், இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தேன். டோக்கனில் உள்ள சான்றிதழை விண்டோஸுக்கு எடுத்துக் கொடுப்பது பின்னால் ஓடும் ஒரு சின்ன நிரல், அதை நானே நிறுத்திவிட்டேன் என்பது இரவு ஒன்பதரைக்குத்தான் உறைத்தது. அதன் பெயரைப் பார்த்தால் கையெழுத்துக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகவே தெரியாது. ஏதோ "சர்ட் மானிட்டர்" என்று இருந்தது. லோ இம்பேக்ட் வேறு. அதை நிறுத்தியதில் எனக்கு மிச்சமானது அரை நொடிகூட இருக்காது.

பொருளாளர் அய்யா டோக்கன் ஏதாவது வைத்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சயான் சிஸ்டம் அட்மின் | சனி, மதியம் 12.50

கணக்கர் சார் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ரெஜிஸ்ட்ரி கிளீனர் பற்றியும் சொல்லவேண்டும். ரெஜிஸ்ட்ரியில் தேவையற்ற சில நூறு வரிகள் கிடப்பதால் கணினி மெதுவாவதில்லை. அந்தக் கிளீனரே ஸ்டார்ட்டப்பில் ஒரு வரி எழுதிக்கொண்டு தினமும் ஓடும். தம்பி, உங்கள் பட்டியலில் இப்போது அது இருக்கிறதா என்று பாருங்கள்.

முலுண்ட் மாணவன் | சனி, மதியம் 1.07

இருக்கிறது. ஹை இம்பேக்ட். எடுத்துவிடுகிறேன் அண்ணா.

மாட்டுங்கா மகள் | சனி, இரவு 8.30

பார்த்துவிட்டேன். பயாஸ் டைம் 14.2 நொடி. டிஸ்க் 100 சதவீதத்தில் ஏறக்குறைய ஆறு நிமிடம் நின்றது. அந்த நேரம் முழுக்க சிபியு 20ஐத் தாண்டவில்லை. டோக்கன் எதுவும் அப்பாவிடம் இல்லை.

ஹை என்று 7 வந்தன: ஒன்டிரைவ் (ஃபைல்களை இணையத்தில் ஏற்றி வைக்கும் நிரல்), வீடியோ மீட்டிங் நிரல் இரண்டு, ஒரு பாட்டு நிரல், ஒரு பிடிஎஃப் கன்வெர்ட்டர், லேப்டாப் கம்பெனியின் "உதவியாளர்", வாங்கும்போதே இருந்த ஆன்டிவைரஸ். பாட்டு நிரல் 2020 லாக்டவுனில் தம்பி போட்டது. அவன் இப்போது புனேயில் இருக்கிறான்.

மீடியத்தில் பிரிண்டரின் இரண்டு வரிகள், தமிழ் எழுதும் நிரல், குரோம். மீதியெல்லாம் லோ. இரண்டு வரிகளில் வெறுமனே "ப்ரோகிராம்" என்று மட்டும் இருக்கிறது, ஐகான் வெள்ளைத் தாள், கம்பெனி பெயர் இல்லை. வைரஸாக இருக்குமோ?

சயான் சிஸ்டம் அட்மின் | சனி, இரவு 9.15

சிபியு சும்மா இருக்கிறது, டிஸ்க் 100. எல்லா நிரலும் ஒரே நேரத்தில் ஹார்ட் டிஸ்க்கைப் பிடித்து இழுக்கின்றன என்று பொருள். லேப்டாப்பில் வரும் 1 டிபி டிஸ்க் பெரும்பாலும் 5400 ஆர்பிஎம், நொடிக்கு 90 சுற்று. அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்கச் சொன்னால் நொடிக்குச் சுமார் நூறு முறைதான் அதனால் முடியும். 23 நிரலும் ஆளுக்கு நூற்றுக்கணக்கான துண்டுகளைக் கேட்டால், காலை ஒன்பது மணி தாதர் ஸ்டேஷன் பாலம் மாதிரிதான். யாருக்கும் வழி கிடைக்காது, எக்செல் கடைசியில் நிற்கும்.

"ப்ரோகிராம்" வரிக்குப் பயப்படவேண்டாம். பட்டியலின் தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து "கமாண்ட் லைன்" என்பதை டிக் செய்யுங்கள், அந்த வரி எந்த ஃபைலைத் தேடுகிறது என்று முழுப் பாதையும் தெரியும். சி டிரைவில் "ப்ரோகிராம் ஃபைல்ஸ்" என்ற ஃபோல்டர் பெயரில் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறதல்லவா? பாதையை மேற்கோள் குறிக்குள் போடாமல் எழுதிய நிரலை அன்இன்ஸ்டால் செய்தபின், வரி மட்டும் மிஞ்சிவிட்டால், விண்டோஸ் அந்த இடைவெளியோடு நிறுத்தி "ப்ரோகிராம்" என்று காட்டும். ஆள் போயாகிவிட்டது, பெயர்ப்பலகை மட்டும் வாசலில் தொங்குகிறது. பாதை எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு டிசேபிள் செய்யுங்கள்.

நாளை முதல் சுற்றில் பாட்டு நிரல், மீட்டிங் இரண்டு, பிடிஎஃப், உதவியாளர், இந்த இரண்டு "ப்ரோகிராம்". வேறெதையும் தொடவேண்டாம். ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு நிறுத்துங்கள். பிறகு ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் உள்பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த முறை அப்படியே எடுக்கும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். முன்னும் பின்னும் ஒரே மாதிரி அளந்தால்தான் கணக்குச் சரிவரும்.

தாராவி அச்சகம் | சனி, இரவு 10.40

தமிழ் எழுதும் நிரலைப் பற்றி நான் சொல்லலாமா? 90 அடி சாலைப் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ், நாள் முழுக்கத் தமிழ்தான் அடிக்கிறோம்.

இகலப்பை, என்எச்எம் ரைட்டர், அழகி, எதுவாக இருந்தாலும் அது பின்னால் ஓடிக்கொண்டிருந்தால்தான் விசையை அழுத்தும்போது தமிழ் வரும். ஸ்டார்ட்டப்பில் நிறுத்தினால் ஒவ்வொரு நாளும் அவரே போய்த் திறக்கவேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் எழுபது வயதுக்காரர் ஒரு காலையில் "அ" அடிக்கப் போய் "a" வந்தால் கணினியே கெட்டுப்போச்சு என்றுதான் நினைப்பார். என் கடையிலேயே ஒரு பையன் சுத்தம் செய்கிறேன் என்று அதை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டான். காலையில் வந்த ஒருவர் அம்மாவின் பதினாறாம் நாள் அட்டைக்குக் காத்துக்கொண்டு நிற்கிறார், எழுத்து வரவில்லை. அந்த அரைமணி நேரம் இன்னும் மறக்கவில்லை.

விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகை உண்டு. தமிழ்99 (தமிழ் எழுத்துகளுக்கென்றே வகுத்த விசை அமைப்பு) இருக்கிறது. 2019 மே அப்டேட்டிலிருந்து ஒலிப்பு முறையும் வந்துவிட்டது, அப்பா "அம்மா" என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர் என்றால் அது அவருக்கு ஒத்துவரும். செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் போதும், தனி நிரல் ஓடவேண்டியதில்லை. எங்கள் கடையில் பழைய எழுத்துருக்களுக்காக தனி நிரலும் வேண்டியிருக்கிறது. அவருக்கு யூனிகோட் மட்டும் போதும் என்றால் மாறலாம். ஆனால் சில கூட்டெழுத்துக்கு விசை வேறாக இருக்கும், விரல் பழக நாளாகும். அதுவரை பழையதை ஸ்டார்ட்டப்பில் விட்டுவைக்கவும், இது என் வேண்டுகோள்.

மாட்டுங்கா மகள் | ஞாயிறு, மதியம் 1.20

அந்த ஏழு வரிகளையும் நிறுத்தி ரீஸ்டார்ட் செய்தோம். எக்செல் திறந்தது 5 நிமிடம் 30 நொடியில்! அப்பா நம்பாமல் இன்னொரு முறை செய்யச் சொன்னார். இரண்டாம் முறை 5.25.

தமிழ் நிரலைத் தொடவில்லை, தாராவி அண்ணாச்சி சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "விவரமானவர்" என்றார்.

ஒன்றுதான் புரியவில்லை. பிடிஎஃப் கன்வெர்ட்டரைப் பட்டியலில் நிறுத்தியாயிற்று, டிசேபிள்டு என்றுதான் காட்டுகிறது. ஆனாலும் மூலையில் வந்து "புதிய பதிப்பு தயார்" என்கிறது. எப்படி?

சயான் சிஸ்டம் அட்மின் | ஞாயிறு, மதியம் 2.45

டாஸ்க் மேனேஜர் காட்டுவது முக்கியமாக இரண்டு இடங்களை: ரெஜிஸ்ட்ரியில் "ரன்" என்ற பகுதி, ஸ்டார்ட் மெனுவில் உள்ள ஸ்டார்ட்டப் ஃபோல்டர். நிரல் நுழைய வேறு வாசல்களும் உண்டு. உங்கள் பிடிஎஃப் நிரல் டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த வேளையில் நிரல்களை ஓட்டும் விண்டோஸ் பகுதி) "யாராவது லாக் ஆன் செய்யும்போது ஓடு" என்று ஒரு வேலை போட்டு வைத்திருக்கும். இல்லையென்றால் ஒரு சர்வீஸ் (திரையில் தெரியாமல் பின்னணியில் ஓடும் நிரல்) நிறுவியிருக்கும்.

எல்லா வாசலையும் ஒரே இடத்தில் பார்க்க ஆட்டோரன்ஸ் இருக்கிறது. சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று. மார்க் ருஸினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் இருவரும் 1996இல் தொடங்கியது, 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இப்போதும் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வேறெங்கிருந்தும் இறக்கவேண்டாம். நிறுவவும் வேண்டியதில்லை, ஜிப்பைப் பிரித்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் போதும்.

திறந்தவுடன் நூற்றுக்கணக்கில் வரிகள் வரும், அதைப் பார்த்து மிரண்டுவிடாதீர்கள். ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைக்கச் சொல்லுங்கள், மீதி இருப்பதுதான் வெளியார். மஞ்சள் வரி என்றால் அந்த ஃபைலே இப்போது இல்லை, உங்கள் "ப்ரோகிராம்" இரண்டும் அங்கே மஞ்சளில் இருக்கும். இளஞ்சிவப்பு என்றால் டிஜிட்டல் கையெழுத்து இல்லை அல்லது சரிபார்க்க முடியவில்லை, உடனே வைரஸ் என்று முடிவு கட்டாமல் என்னவென்று விசாரியுங்கள். டிக்கை எடுங்கள், டெலீட் வேண்டவே வேண்டாம். டிக் எடுத்ததைத் திருப்பிப் போடலாம், டெலீட் செய்ததைத் திருப்ப முடியாது.

ஆனால் உண்மையில் அந்த பிடிஎஃப் நிரல் அப்பாவுக்கு வேண்டுமா? எக்செலிலேயே பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம். வேண்டாததை வாசல் வாசலாகத் துரத்திக்கொண்டிருப்பதைவிட அன்இன்ஸ்டால் செய்வது நல்லது. மீட்டிங் நிரல்களில் ஒன்றும் அப்படித்தான்.

வாஷி வாசகி | ஞாயிறு, மாலை 4.10

நானும் கூடவே செய்து பார்க்கிறேன். பட்டியலில் இல்லாமல் இருந்த இன்னும் மூன்றைக் கண்டுபிடித்தேன். குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில், குரோமை மூடியபின்னும் பின்னணியில் ஓடலாம் என்று ஒரு சுவிட்ச். எட்ஜில் ஸ்டார்ட்டப் பூஸ்ட். அப்புறம் விண்டோஸ் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், சைன் இன் ஆப்ஷன்ஸ் உள்ளே, கடைசியாகத் திறந்திருந்த நிரல்களை மறுபடி திறக்கும் சுவிட்ச். மூன்றையும் அணைத்தேன். என் கணினியில் கடைசியாகச் சொன்னதுதான் நிஜமாக உறுத்தியது. தினமும் நேற்றைய பிரவுசர் 30 தாவல்களோடு வந்து நின்றது.

டோம்பிவிலி கணக்கர் | ஞாயிறு, மாலை 5.00

ஆன்டிவைரஸ் விஷயத்தை யாரும் எடுக்கவில்லையே. சந்தா முடிந்த ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்றார்கள். அதைப் புதுப்பிக்கவேண்டும், இல்லை முறையாக அன்இன்ஸ்டால் செய்யவேண்டும். நடுவில் தொங்கவிடக்கூடாது. வெளி ஆன்டிவைரஸ் இருந்தால் விண்டோஸ் டிஃபெண்டர் (விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ்) ஒதுங்கி நிற்கும். அதை நீக்கியபின் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து டிஃபெண்டர் வேலைக்கு வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பட்டியலில் "விண்டோஸ் செக்யூரிட்டி நோட்டிஃபிகேஷன் ஐகான்" என்று ஒன்று இருக்கும். அதை நிறுத்தினால் மூலையில் உள்ள கேடயம் மட்டும்தான் போகும், பாதுகாப்பு போகாது. இருந்தாலும் விட்டுவையுங்கள். ஏதாவது கோளாறு என்றால் பெரியவர் கண்ணில் அதுதான் படும்.

ஒன்டிரைவும் அப்படித்தான். கணக்கு ஃபைல்கள் அதில் ஏறுகின்றன என்றால் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அவர் திறக்கும்வரை ஒன்றும் ஏறாது. ஒரு மாதம் கழித்து டிஸ்க் போனால், ஒரு மாதக் கணக்கும் கூடவே போகும்.

முலுண்ட் மாணவன் | ஞாயிறு, மாலை 6.30

கேட்கிறேனே என்று நினைக்கவேண்டாம். ஹார்ட் டிஸ்க்தான் காரணம் என்றால் எஸ்எஸ்டி மாற்றிவிட்டால் முடிந்ததே? இத்தனை சுத்தம் எதற்கு?

சயான் சிஸ்டம் அட்மின் | ஞாயிறு, இரவு 9.20

நியாயமான கேள்வி. எஸ்எஸ்டி மாற்றத்தான் வேண்டும். சுழலும் தட்டும் நகரும் ஊசியும் அதில் இல்லை, சிதறிய சின்னப் படிப்புகளை நொடிக்கு ஆயிரக்கணக்கில் முடிக்கும். இந்த லேப்டாப்புக்கு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும், பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்யலாம், அதாவது விண்டோஸ் உட்பட முழுவதையும் புதியதில் நகலெடுக்கலாம். ஃபார்மட் இல்லை, கணக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். குளோன் செய்வதற்கு முன் வெளி டிரைவில் ஒரு நகல் கட்டாயம்.

ஆனால் சுத்தம் டிஸ்க்குக்காக மட்டும் இல்லை. ரேம் 8 ஜிபிதான். அதில் யாரும் கூப்பிடாத ஐந்து பேர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கவேண்டியதில்லை. நெட்டையும் பேட்டரியையும் அவர்கள்தான் தின்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நிறுவும்போது முன்கூட்டியே டிக் போட்டு வைத்த ஒரு கட்டத்தால்தான் இவற்றில் பல உள்ளே வந்திருக்கும். பொருளாளர் அய்யா "ஆம்" என்று ஒருபோதும் சொல்லவில்லை. அவர் கணினியில் என்ன ஓடவேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்யவேண்டும்.

இன்னொன்று. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறை ஐ5 விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறது, அதனால் எஸ்எஸ்டி போட்டபின் 11க்குப் போய்விடுங்கள். லேப்டாப்பைத் தூக்கிப்போடத் தேவையில்லை.

மாட்டுங்கா மகள் | புதன், இரவு 9.50

மூன்று நாளில் நடந்ததைச் சொல்கிறேன். பிடிஎஃப் நிரல், பழைய ஆன்டிவைரஸ், மீட்டிங் நிரல் ஒன்று, மூன்றும் அன்இன்ஸ்டால். டிஃபெண்டர் வந்துவிட்டது, பார்த்துவிட்டேன். ஆட்டோரன்ஸில் சயான் அண்ணா சொன்ன மாதிரியே இரண்டு மஞ்சள் வரிகள், ஒன்று 2019இலேயே நீக்கிவிட்ட வெப்கேம் நிரலுடையது. ஒன்டிரைவை விட்டுவைத்தோம்.

பிரிண்டரின் இரண்டு வரிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். முதலாவது மை எச்சரிக்கை மட்டும், நிறுத்தியும் அச்சு நன்றாக வருகிறது. இரண்டாவதை நிறுத்திய மறுநாள் அப்பா கூப்பிட்டார். பிரிண்டர் மேல் உள்ள ஸ்கேன் பட்டனை அழுத்தினால் கணினி கிடைக்கவில்லை என்கிறதாம். சொசைட்டி ரசீதுகளை அவர் அந்தப் பட்டனில்தான் ஸ்கேன் செய்கிறார், எனக்கு இத்தனை நாள் தெரியாது. மறுபடி எனேபிள் செய்தேன், பட்டன் வேலை செய்கிறது. தாளில் எழுதி வைத்திருந்ததால் எதைத் திருப்பவேண்டும் என்று தேடவேண்டியிருக்கவில்லை.

இப்போது பட்டியலில் ஓடுவது 9. எக்செல் திறக்க 3 நிமிடம் 40 நொடி. அப்பா அந்தத் தாளை லேப்டாப் பையில் மடித்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அது என்ன என்று தமிழில் எழுதியிருக்கிறார்.

எஸ்எஸ்டி வாங்க ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருக்கிறோம். குளோன் செய்யத் தெரிந்தவர்கள் யாராவது மாட்டுங்கா பக்கம் இருக்கிறீர்களா?

தாராவி அச்சகம் | புதன், இரவு 10.15

ஞாயிறு மதியம் கடை அடைத்துவிட்டு வருகிறேன். பத்து நிமிட தூரம். குளோன் செய்ய யுஎஸ்பி கேபிள் என்னிடம் இருக்கிறது, வாங்கவேண்டாம். அப்பாவின் ஃபைல்களை வெளி டிரைவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள், நான் வந்தபின் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூவைக் கழற்றுவேன்.